நூறு ரூபாய் வெட்டு: 2023 பட்ஜெட் கூட்டத்தொடர் நாட்குறிப்பு

பிப்ரவரி 1, புதன்

ரப்பர் மரங்கள் இலை உதிர்த்து நிற்கும் காலம் என்பதால் பால் வெட்டு இல்லை. ரோலர் கிடக்கும் கொட்டகையில் பழைய ஷீட்டுகளைத் தரம் பிரித்துக்கொண்டே நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனின் உரையைக் கேட்டேன். கலவை ரப்பருக்கான சுங்க வரி 10 சதவீதத்திலிருந்து, 25 சதவீதம் அல்லது கிலோவுக்கு 30 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதுவாக உயர்த்தப்படும் என்ற வரி காதில் விழுந்ததும் கையிலிருந்த ஷீட்டைக் கீழே வைத்துவிட்டேன். இயற்கை ரப்பருக்கு உள்ள வரியைத் தவிர்ப்பதற்காகவே, அதில் சிறிது ரசாயனத்தைச் சேர்த்துக் கலவை ரப்பர் என்ற பெயரில் இறக்குமதி செய்கிறார்கள் என்று கன்னியாகுமரி மாவட்டத்து விளவங்கோடு தாலுகாவின் சிறு விவசாயிகள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறோம். அந்தக் குறை இன்று பட்ஜெட் உரையில் ஒரு வாக்கியமாக ஏறியிருக்கிறது.

ஆனால் ஆசியான் அமைப்பில் உள்ள தென்கிழக்காசிய நாடுகளோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தில் இயற்கை ரப்பருக்குக் கிடைத்த பாதுகாப்பு கலவை ரப்பருக்குக் கிடைக்கவில்லை. அங்கிருந்து வரும் சரக்கை இந்த உயர்வு எந்த அளவுக்குத் தடுக்கும் என்று அவையில் யாராவது எழுந்து கேட்க வேண்டும்.

பிப்ரவரி 4, சனி

நேற்று கேரள பட்ஜெட். ரப்பர் மானியத்துக்கு 600 கோடி ரூபாய் என்று பாறசாலையிலிருந்து வந்த உறவினர் சொன்னார். கிலோவுக்கு 170 ரூபாய் ஆதார விலையாக வைத்து, சந்தை விலை அதற்குக் கீழே போனால் வித்தியாசத்தை அங்கே அரசே கொடுக்கிறது. மாநில எல்லையான களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் அதே மரம், அதே மழை, அதே கோட்டயம் சந்தை விலை. ஆனால் அந்தத் தொகை எங்களுக்கு இல்லை.

இதில் கேரளத்தின் மீது எனக்கு வருத்தம் இல்லை. 140 பேர் அமரும் அந்தச் சட்டமன்றத்தில் ரப்பர் என்பது எல்லாக் கட்சிக்கும் சொந்தப் பிரச்சினை. 234 பேர் அமரும் நமது சட்டமன்றத்திலோ அதைத் தன் வீட்டுக் கதையாக அறிந்தவர்கள், 6 தொகுதிகள் கொண்ட எங்கள் மாவட்டத்துக்கு வெளியே மிகக் குறைவு. ரப்பர் வாரியமும் இறக்குமதி வரியும் மத்திய அரசின் கையில் இருப்பதால், எங்களுக்காக மக்களவையில் பேசப்படும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் எடை அதிகம்.

பிப்ரவரி 11, சனி

பட்ஜெட் மீதான பொது விவாதத்துக்கு நிதியமைச்சர் நேற்று மக்களவையில் பதிலளித்தார். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் பேத்தி, "பாட்டா, பேசி முடிச்சாச்சு, அமைச்சரும் பதில் சொல்லியாச்சு. இன்னும் என்னத்துக்குக் காத்திருக்கீங்க?" என்று கேட்டாள்.

"மக்களே, இதுவரை நடந்தது கல்யாணத்துக்கு நாள் குறிச்சது மாதிரி. பந்தி இனிமேல்தான்" என்றேன்.

பொது விவாதத்தில் உறுப்பினர் எதைப் பற்றியும் பேசலாம், ஆனால் வாக்கெடுப்பு கிடையாது. கூட்டத்தொடரின் இரு பகுதிகளுக்கு நடுவே வரும் இடைவேளையில், அமைச்சகங்கள் செலவுக்குக் கேட்கும் தொகைகளான மானியக் கோரிக்கைகளை நாடாளுமன்றத்தின் துறைவாரி நிலைக்குழுக்கள் ஆராய்ந்து அறிக்கை தரும். 1993 முதல் இந்த ஏற்பாடு நடைமுறையில் உள்ளது. அதன் பிறகு ஒவ்வொரு அமைச்சகத்தின் கோரிக்கையும் அவைக்கு வரும்போது உறுப்பினர் வெட்டுத் தீர்மானம் கொடுக்கலாம். கொள்கையையே ஏற்கவில்லை என்றால் கோரிக்கையை ஒரு ரூபாயாகக் குறைக்கச் சொல்லலாம். குறிப்பிட்ட ஒரு குறையைச் சொல்ல வேண்டுமானால் நூறு ரூபாய் குறைக்கச் சொல்லலாம். இந்த நூறு ரூபாய் வெட்டின் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. அது பணத்தைக் குறைப்பதற்காக வருவதில்லை. ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் கொண்ட ஒரு கோரிக்கையை நிறுத்தி, விளவங்கோட்டு விவசாயியின் பெயரால் அமைச்சரிடம் பதில் கேட்பதற்கு விதி திறந்து வைத்திருக்கும் வாசல் அது.

ரப்பர் வாரியத்தைக் கவனிக்கும் வர்த்தக அமைச்சகத்தின் கோரிக்கை வரும்போது எழுப்ப வேண்டியவற்றை ஒரே பக்கத்தில் எழுதி, தொகுதி உறுப்பினரின் முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

பிப்ரவரி 19, ஞாயிறு

பேத்திக்காகப் பழைய நகல்களை வெளியே எடுத்தேன். 1956ஆம் ஆண்டு மாநில மறுசீரமைப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தில் சேர்ந்தது அந்தப் பிரிவினால்தான். பள்ளியாடிக்காரரான மார்ஷல் நேசமணி அப்போது நாகர்கோவில் தொகுதியின் மக்களவை உறுப்பினர். திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேரத் தெருவில் நடந்த போராட்டத்தையும், 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் விழுந்த போலீஸ் குண்டுகளையும், ஒரு மசோதாவின் பிரிவாக மாற்றும் வேலை அவர் தோளில் இருந்தது.

அப்போது சேர்த்துக் கேட்ட, இன்று கேரளத்தில் உள்ள தேவிகுளமும் பீர்மேடும் கிடைக்கவில்லை. அங்கிருந்த தமிழர்களில் பெரும்பாலோர் தோட்ட வேலைக்கு வந்து போகிறவர்கள் என்று மாநில மறுசீரமைப்பு ஆணையம் எடுத்த முடிவு மசோதாவிலும் நிலைத்துவிட்டது. பேத்தி அந்தப் பிரிவை இரண்டு முறை படித்துவிட்டு, நம்முடைய தாலுகாவின் பெயர் மேல் விரலை வைத்தபடி வெகுநேரம் பேசாமல் இருந்தாள்.

மார்ச் 16, வியாழன்

இரண்டாம் பகுதி 13ஆம் தேதி தொடங்கியது. அதானி விவகாரத்தை விசாரிக்க நாடாளுமன்றக் கூட்டுக்குழு வேண்டும் என்று ஒரு தரப்பும், லண்டனில் பேசியதற்கு ராகுல் காந்தி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மறு தரப்பும் முழங்குகின்றன. அவை தினமும் ஒத்திவைக்கப்படுகிறது.

மார்ச் 23, வியாழன்

கில்லட்டின் விழுந்துவிட்டது. விவாதிக்கப்படாமல் நிற்கும் கோரிக்கைகளையெல்லாம் குறித்த நேரத்தில் ஒன்றாகச் சேர்த்து வாக்கெடுப்புக்கு விடும் முறைக்கு அந்தப் பெயர். வழக்கமாக நான்கைந்து அமைச்சகங்களின் கோரிக்கைகளையாவது பேசி முடித்த பிறகுதான் மிச்சத்துக்கு அது வரும். இன்று ஏறத்தாழ 45 லட்சம் கோடி ரூபாய்ச் செலவுத் திட்டம் விவாதமே இல்லாமல், கூச்சலுக்கு நடுவே நிறைவேறியது. 2018லும் இப்படி நடந்தது.

கூட்டுக்குழு கேட்பது எதிர்க்கட்சியின் உரிமை, அதை நான் குறை சொல்ல மாட்டேன். அவையை நடத்தும் பொறுப்பு அரசுக்கே அதிகம் என்பதும் என் எண்ணம். ஆனால் இரவெல்லாம் விழித்துக் குறிப்பெடுத்து, வெட்டுத் தீர்மானத்தோடு காத்திருக்கும் ஓர் உறுப்பினரின் உழைப்பு, அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும், இன்று யாருக்கும் கேட்காமலே போயிற்று. அவர் வாய் திறக்காத இடத்தில் பதில் சொல்லும் கடமை அமைச்சருக்கும் இல்லை. எனக்கு இரவு சோறு இறங்கவில்லை.

மார்ச் 24, வெள்ளி

நிதி மசோதாவும் 64 அரசுத் திருத்தங்களோடு மக்களவையில் விவாதமின்றி நிறைவேறியது. பல பேர் பல நாள் பேசியிருக்க வேண்டிய திருத்தங்கள் அவை.

மார்ச் 28, செவ்வாய்

மாநிலங்களவையும் நேற்று விவாதமில்லாமலே முடித்துவிட்டது.

மரங்களில் தளிர் முற்றிவிட்டது. நாளை மறுநாள் வரச்சொல்லி வெட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். சிரட்டைகளைக் கழுவிக் கவிழ்த்த பிறகு, வர்த்தகத் துறை நிலைக்குழுவுக்கு எழுத உட்கார்ந்தேன். மக்களவையின் 21 பேரும் மாநிலங்களவையின் 10 பேரும் அதில் இருக்கிறார்கள். கேமரா இல்லாத அந்த அறையில், துறைச் செயலாளரை எதிரே அமர்த்திக் கேள்வி கேட்க அவர்களால் முடியும். பிப்ரவரியில் எழுதிய பக்கத்தையே பேத்தி திரும்பத் தட்டச்சு செய்தாள். கலவை ரப்பர் இறக்குமதியில் ஆசியான் நாடுகளின் பங்கை மாதவாரியாக வெளியிட வேண்டும் என்ற கோரிக்கையை அவளே கடைசியில் சேர்த்தாள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். காலையில் குழித்துறைத் தபால் நிலையத்தில் சேர்த்துவிடுவாள்.