மரகதத்தின் வீட்டுக்குத் தரை

என் மகன் கோயம்புத்தூருக்கு வேலை மாறிப் போனபோது ஒரு பீரோ, இரண்டு அட்டைப்பெட்டி நிறையப் புத்தகங்கள், ஒரு பச்சை இகுவானா ஆகியவற்றை என்னிடம் விட்டுச் சென்றான். பீரோவும் புத்தகங்களும் இதுவரை ஒரு தொந்தரவும் தரவில்லை.

இகுவானாவின் பெயர் மரகதம். மீனாட்சியின் ஊரில் பச்சையாக ஒன்று வளர்ந்தால் வேறு என்ன பெயர் வைப்பது? பிறகு தொடைகளின் அடிப்பக்கத்தில் வரிசையாக இருக்கும் துளைகள் பெரிதாகி, குளிர்காலத்தில் உடம்பில் ஆரஞ்சு நிறமும் ஏறியபோது அது ஆண் என்று தெரிந்தது. பெயரை மாற்றவில்லை. கூப்பிட்டால் வரப்போவதில்லை, எந்தப் பெயராக இருந்தால் என்ன?

திருநகரில் எங்கள் தெருவில் இதைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி "உடும்பா?" என்பதுதான். எதிர்வீட்டு மதினி ஒருபடி மேலே போய், "போலீஸ் வந்துவிடாதா மதினி?" என்றார். உடும்பு நம் நாட்டுப் பிராணி. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதை வீட்டில் வைத்தால் கம்பி எண்ண வேண்டியதுதான். இகுவானா மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்கா பக்கத்து ஓணான். ஆனால் இதற்கும் பதிவு உண்டு. அந்தச் சட்டத்தை 2022இல் திருத்தினார்கள்; அதை ஒட்டி 2024இல் வந்த விதிகளின்படி இப்படிப்பட்ட அயல்நாட்டு விலங்குகளை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். அந்தக் காகிதத்தை மகன் உறையில் போட்டு விட்டுப் போயிருக்கிறான். மதினியிடம் அதைக் காட்டினேன். படித்துவிட்டு, "வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை.

நான் அரசு மருத்துவமனையில் இருபத்தொன்பது ஆண்டுகள் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள். தரையைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும் என்ற நினைப்பு இருந்தது. மரகதம் அந்த நினைப்பை ஆறே மாதத்தில் துடைத்து எடுத்தான்.

கூண்டு ஆறடி உயரம், ஐந்தடி நீளம், இரண்டரை அடி அகலம். கீழே ஓரடி உயரத்துக்குப் பலகை, அதற்கு மேல் கம்பிவலை, உள்ளே குறுக்கும் நெடுக்குமாகக் கொய்யாக் கிளைகள். மகன் தரை முழுவதும் தென்னை நார்த்தூளைப் பரப்பி, மேலே சருகு தூவியிருந்தான். பார்ப்பதற்கு அழகர்மலையில் ஒரு மூலையை வெட்டி வைத்ததுபோல இருந்தது. அவன் இருந்த வரை அவன் சுத்தம் செய்தான், நான் பாராட்டினேன். அவன் போன பிறகுதான் அந்தக் காட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தேன்.

இகுவானாவுக்கு ஈரக்காற்று வேண்டும். மதுரையின் காற்றில் அது எங்கே? அதனால் தினமும் இரண்டு வேளை தண்ணீர் தெளிக்க வேண்டும். தெளித்த தண்ணீர் நார்த்தூளில் ஊறி அடியில் நின்றுவிடும். மேலே காய்ந்ததுபோல் தெரியும். கையை விட்டால் சதசதவென்று இருக்கும். எச்சத்தின் வெளியே தெரிகிற பகுதியை மட்டும் அள்ளுவோம், கரைந்தது உள்ளே போய்விடும். மூன்றாவது வாரம் கொசு அளவில் சின்னச்சின்னக் கருப்பு ஈக்கள். ஒருநாள் கீரைத் தட்டைக் கவிழ்த்துவிட்டு, தூளில் புரண்ட முருங்கை இலையை அவன் அப்படியே விழுங்கியதைப் பார்த்தேன். போகிற இடமெல்லாம் நாக்கை நீட்டித் தொட்டுப் பார்க்கிற ஜீவன் அது. தூளும் மணலும் வயிற்றுக்குள் சேர்ந்தால் குடலை அடைத்துக்கொள்ளும். அன்று மாலையே காட்டை அள்ளி மூட்டை கட்டி, செம்பருத்திக்கு உரமாகப் போட்டேன். அந்தச் செம்பருத்தியின் இலையும் பூவும் இப்போது அவனுடைய தட்டுக்குத்தான் போகின்றன, கணக்கு நேராகிவிட்டது. அடியில் இருந்த ஒட்டுப்பலகை அப்பளம்போல் உப்பியிருந்தது.

அடுத்தது செய்தித்தாள். இதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். தினத்தந்தி 1942இல் பிறந்த ஊர் இது. வீட்டுக்கு வீடு பழைய தாள் கட்டுக்கட்டாக இருக்கும். நான்கு தாளை விரித்து, அழுக்கானதும் சுருட்டிப் போட்டுவிடலாம். மலம் எந்த நிறம், எவ்வளவு இளகல் என்று தெளிவாகத் தெரியும். நோய் வந்தால் அது முக்கியம், நர்ஸுக்கு அது தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் தண்ணீர் தெளிக்கிற கூண்டில் தாள் ஒருவேளைக்குத்தான் தாங்குகிறது. மதியத்துக்குள் கூழாகி, உப்பிய பலகையில் ஒட்டிக்கொள்கிறது. சுரண்டினால் பலகையின் தோலும் சேர்ந்து வருகிறது.

பிறகு ஒரு பச்சைநிறச் செயற்கைப் புல் விரிப்பு வாங்கினேன். வாங்கியிருக்கக் கூடாது. ஒவ்வொரு இழைக்கு நடுவிலும் ஒரு கதை ஒளிந்துகொண்டது. ஓரத்தில் பிரிந்த நைலான் நூல் அவன் விரலைச் சுற்றி இறுகுவதற்கு முன்னால் கண்ணில் பட்டது என் அதிர்ஷ்டம். மதினி வைகை மணல் ஒரு சட்டி போடச் சொன்னார். குடல் அடைப்பைச் சொல்லி மறுத்தேன். இந்தக் காலத்தில் வைகை மணலுக்குச் சட்டி அளவில் வேறு யாரிடம் போய்க் கேட்பது?

இந்த எச்சத்தைப் பற்றிச் சொல்லாமல் தரையைப் பற்றிப் பேச முடியாது. நம் வீட்டுப் பல்லி சுவரில் போடுவதைப் பார்த்திருப்பீர்கள்: கருப்பாக ஒரு மிளகு, அதன் நுனியில் வெள்ளையாக ஒரு பொட்டு. அந்த வெள்ளைதான் சிறுநீரின் கெட்டிப் பகுதி, யூரிக் அமிலம். தண்ணீரை மிச்சம் பிடிப்பதற்காக ஊர்வன கழிவை இப்படிக் கட்டியாக வெளியே தள்ளுகின்றன. மரகதம் போடுவதும் அதே சமாச்சாரம், அளவு மட்டும் பல மடங்கு. யூரிக் அமிலம் தண்ணீரில் லேசில் கரையாது. காய்ந்தால் சுண்ணாம்புபோல் பிடித்துக்கொள்ளும். வெந்நீரில் நனைத்த துணியை அதன்மேல் பத்து நிமிடம் போட்டுவைத்தால் இளகிவிடும். பொறுமை இல்லாமல் கத்தியால் சுரண்டினால் தரையில் கீறல் விழும், அடுத்த முறை அந்தக் கீறலுக்குள்தான் அது போய் உட்காரும். இது போதாதென்று மூக்கு வழியாக உப்பைத் தும்மித் தள்ளுகிற பழக்கமும் இந்த ஜாதிக்கு உண்டு. எங்கள் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் விடுகிற வெள்ளைத் திட்டு ஒரு பக்கம், இவன் தும்மிய உப்பு ஒரு பக்கம். எது எது என்று பிரிக்கவே எனக்கு ஒரு மாதம் ஆனது.

வினைல் விரிப்பில்தான் நான் உண்மையாக ஏமாந்தேன். மர நிறத்தில் வழவழவென்று, ஒரே துண்டாக, ஒரே துடைப்பில் பளிச்சென்று ஆகியது. இரண்டு மாதம் பெருமையாக இருந்தேன். பிறகு ஒரு வாடை. மேலே எத்தனை முறை துடைத்தாலும் போகவில்லை. ஒரு ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால் அடியில் கருப்புப் பூசணம் பூத்துக் கிடந்தது. தண்ணீர் ஓரத்தின் வழியாக இறங்கியிருக்கிறது. விரிப்பு நன்றாகத்தான் இருந்தது; விரிப்பும் பலகைச் சுவரும் சேரும் மூலைதான் கெட்டிருந்தது.

அங்கே குனிந்து நின்றபோது எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆபரேஷன் தியேட்டரில் சுவரும் தரையும் சேரும் இடம் வளைவாகப் பூசப்பட்டிருக்கும். நேர்மூலை இருந்தால் அழுக்கு அங்கே தங்கும், துணி போகாது. அதனால் அந்த வளைவு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் சீனியர் சிஸ்டர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது அது. இருபத்தொன்பது ஆண்டுகள் அந்த வளைவைப் பார்த்துக்கொண்டே நடந்தவள், ஓணான் கூண்டில் அதை மறந்துவிட்டேன்.

அதன் பிறகு, தரைக்கு என்ன போடுவது என்று மகனைக் கேட்பதை நிறுத்தினேன். மரகதம் கிளையில் வாழ்கிறவன். கீழே இறங்குவது தண்ணீர்த் தொட்டிக்கும் சாப்பாட்டுக்கும்தான். அவனுக்கு வேண்டிய காடு மேலே இருக்கிறது. தரையில் வாழ்கிறவள் நான். துணியும் வாளியுமாகத் தினம் முக்கால் மணி நேரம் அங்கே இருந்தேன். என் வசதிக்குத்தான் தரை.

என் கணவருக்கு வீட்டில் இருக்கும் கடப்பாக் கல்லைப் போட்டால் போதும் என்று எண்ணம். கடப்பா சுண்ணாம்புக் கல். நீரையும் கறையையும் குடிக்கும். எலுமிச்சையோ வினிகரோ பட்டால் மேல்பரப்பு அரித்து வெளுத்துவிடும். நம் சமையல் மேடையில் பார்க்காததா? மேலூர்ப் பக்கத்துக் கிரானைட் துண்டு என்றால் நல்ல கெட்டி, ஆனால் மெருகேற்றியதில் கால் வழுக்கும், கூண்டின் அடிப்பலகையும் அந்தக் கனத்தைத் தாங்காது.

பைபாஸ் ரோட்டில் ஒரு டைல்ஸ் கடைக்குப் போனேன். தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு டைலின் பின்பக்கத்தில் ஊற்றினேன். கடைப் பையன், "அம்மா, பூ போட்டது அந்தப் பக்கம்" என்றான். சுவருக்குப் போடும் செராமிக் டைல் அந்தத் தண்ணீரை நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குடித்துவிட்டது. அந்த ரகம் தன் எடையில் பத்து சதவீதத்துக்கு மேல் நீரை உறிஞ்சும். விட்ரிஃபைடு டைலில் துளி துளியாக அப்படியே நின்றது. அது உறிஞ்சுவது அரை சதவீதத்துக்கும் கீழே. பளபளப்பு வேண்டாம், சொரசொரப்பாகவும் வேண்டாம், மேட் போதும் என்றேன். பளபளப்பில் நகம் பிடிக்காமல் கால்கள் பக்கவாட்டில் விரிந்துபோகும். சொரசொரப்பில் அழுக்குப் பிடிக்கும். நிறம் வெளிர்ச்சாம்பல். வெள்ளையில் எச்சத்தின் வெள்ளை தெரியாது, கருப்பில் மற்றது தெரியாது. இரண்டுக்கு இரண்டடி அளவில், பெட்டி உடைந்து மிஞ்சிய ஐந்து டைல்கள் நானூறு ரூபாய்க்குக் கிடைத்தன.

உப்பிய ஒட்டுப்பலகையைத் தூக்கிவிட்டு பி.வி.சி. பலகை போட்டோம். தெருவில் வேறொரு வீட்டுக்கு வந்திருந்த கொத்தனார் டைலை அளந்து வெட்டிக்கொடுத்தார். இடுக்குகளுக்கு அவர் வெள்ளைச் சிமெண்டைக் குழைக்க ஆரம்பித்தார். நிறுத்தி, எப்பாக்சி என்ற பிசின் கலவையை வாங்கிவரச் சொன்னேன். சிமெண்ட் இடுக்கு ஈரத்தைக் குடிக்கும், எப்பாக்சி குடிக்காது. "ஓணானுக்கா அக்கா எப்பாக்சி?" என்று அவர் கேட்ட தொனியை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை. பின்பக்கத்தை அரை அங்குலம் உயர்த்தி, கதவுப் பக்கம் சரிவாக வைத்தோம். சுற்றிலும் சுவரோடு சேரும் மூலையில் சிலிக்கோன் பசையைப் பிதுக்கி, சோப்புத் தண்ணீரில் நனைத்த பெருவிரலால் இழுத்து வளைவாக்கினேன். இதை மட்டும் நானே செய்தேன். அதன் வினிகர் நாற்றம் முழுதும் போகும் வரை ஒரு வாரம் மரகதம் குளியலறையில் குடியிருந்தான், நாங்கள் பக்கத்து வீட்டில் குளித்தோம்.

கழுவுவதிலும் எனக்கு ஒரு பாடம் இருந்தது. பினாயில் வாசனை வந்தால்தான் இடம் சுத்தம் என்று நம்புகிற தலைமுறை நான். லிஸ்டர் என்ற அறுவை மருத்துவர் 1860களில் கிருமியைக் கொல்ல கார்பாலிக் அமிலத்தை, அதாவது பீனாலை, கையில் எடுத்த நாளிலிருந்து எங்கள் தொழிலின் வாசனையே அதுதான். ஊர்வனவற்றுக்குப் பீனால் வகை ஆகாது. கருப்போ வெள்ளையோ, எந்தப் பினாயிலும் கூண்டுக்குள் போகக் கூடாது. முதலில் வெந்நீரும் சோப்பும் போட்டு அழுக்கை எடுக்க வேண்டும். அழுக்கின் மேலேயே ஊற்றினால் பிளீச்சிங் பவுடர் அந்த அழுக்கோடு சண்டையிட்டே செத்துப்போகும். வாரம் ஒருமுறை அவனை வெளியே எடுத்துவிட்டு, பிளீச்சிங் பவுடரை நீர்க்கக் கரைத்து, தெளிந்த நீரைத் தரையில் ஊற்றிப் பத்து நிமிடம் நிற்கவிட்டு, வாசனை போகிற வரை அலசித் துணியால் காயவைக்கிறேன். அதோடு வினிகரைச் சேர்க்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும். கூண்டுக்கென்று தனி பிரஷ், தனி வாளி. எதையும் சமையலறைத் தொட்டியில் கழுவுவதில்லை. பார்க்க நன்றாக இருக்கிற ஊர்வனவும் வயிற்றுப்போக்கைக் கொடுக்கும் சால்மொனெல்லா கிருமியைச் சுமக்கும். பேரப்பிள்ளைகள் வந்தால் தொட்டதும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்பது இந்த வீட்டுச் சட்டம்.

முன்பு முக்கால் மணி நேரம் பிடித்த வேலை இப்போது பன்னிரண்டு நிமிடம். செய்தித்தாளையும் விட்டுவிடவில்லை, அவன் வழக்கமாக உட்காரும் கிளைக்கு நேர்கீழே மட்டும் இரண்டு தாள். தண்ணீர்த் தொட்டியை அதற்குப் பக்கத்தில் நகர்த்திய பிறகு பெரும்பாலும் அதற்குள்ளேயே போய்விடுகிறான், இகுவானாக்களுக்குத் தண்ணீரில் இருப்பது பிடித்த வழக்கம். மார்கழி இரவுகளில் டைல் சில்லென்று ஆகிவிடுவதால் பழைய துண்டு ஒன்றை விரிக்கிறேன். சித்திரையில் அதே டைலில் வயிற்றை ஒட்டவைத்துப் படுத்துக்கிடக்கிறான்.

தீபாவளிக்கு வந்த மகன் கூண்டைப் பார்த்துவிட்டு, "வார்டு மாதிரி இருக்கிறது அம்மா. கொஞ்சமாவது நார்த்தூள் போடலாமா?" என்றான். போடு, நீ இருக்கிற நான்கு நாளும் நீயே துடை என்று வாளியைக் கொடுத்தேன். இரண்டாம் நாள் காலையில் அவனே அள்ளிவிட்டான்.

ஐந்தாவது டைலில் வெட்டியதுபோக மிஞ்சிய துண்டு கேஸ் சிலிண்டருக்கு அடியில் இருக்கிறது. சிலிண்டர் விடும் துரு வட்டம் அதிலும் ஒரே துடைப்பில் போகிறது.