மழைக்கும் சேர்த்து எனக்குத்தான் மார்க்ஸ் குறைச்சவை

நான் வேலை செய்யிற நுண்கடன் கொம்பனிக்கு வருசம் முடியிறது மார்கழி 31. வன்னியில ஒரு வீட்டிலயும் காசு இல்லாத நேரம் எது எண்டு கேட்டியள் எண்டா அதுவும் அதுதான். காலபோகம் எண்டுற மாரிமழை நெல்லு விதைச்சு, கையில இருந்ததெல்லாம் உரத்துக்கும் மருந்துக்கும் போய் சனம் வானத்தைப் பாத்துக்கொண்டு இருக்கும், கூலிவேலையும் மழையில படுத்திரும், வெட்டு முடிஞ்சு நெல்லு வித்து நாலு காசு பாக்க மாசி பங்குனி ஆகும். வருசக் கடைசியில எங்களுக்கு மார்க்ஸ் போட கொழும்பில இருந்து வாற அப்ரைசல் ஃபோமுக்கு உது ஒண்டும் தெரியாது. ரிக்கவரி, அதாவது குடுத்த கடனை அறவிட்டது எவ்வளவு எண்டொரு கட்டம், பாதிக்கு மேல மார்க்ஸ் அதுக்குத்தான், கொழும்பு பிராஞ்சுக்கும் அதே கட்டம் எங்களுக்கும் அதே கட்டம்.

என்ர வேலை லோன் குடுத்து அறவிடுறது. (எங்களை ஊரில ஆருக்கும் பிடிக்காது, அதில நியாயமும் இருக்கு, அதை இன்னொரு நாளைக்கு எழுதுறன்.)

2018 ஐ எடுங்கோ. வரட்சி எண்டு அரசாங்கமே 12 மாவட்டத்தில பொம்பிளையள் எடுத்து கட்டேலாமல் நிண்ட ஒரு லட்சத்துக்கு உட்பட்ட நுண்கடனைத் தள்ளுபடி செய்யிறம் எண்டு அறிவிச்சது, கிளிநொச்சி முல்லைத்தீவு வவுனியா மன்னார் நாலும் அந்தப் பட்டியலில. அதே வருசம் மார்கழியில கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின்ர வான்கதவு திறந்து வெள்ளம். ஒரே வருசத்தில வரட்சியும் வெள்ளமும். ஃபோமில ஒரு வரி மாறேல்ல.

இதைவிடப் பெரிய பகிடி விரல் வைக்கிற மெஷின். நான் இருக்கிறது புதுக்குடியிருப்பு, பிராஞ்ச் கிளிநொச்சி, நான் காசு சேர்க்கிற சென்டர்கள் உடையார்கட்டு, விசுவமடு, தருமபுரம், எல்லாம் போற வழியிலயே. ஆனா காலமை எட்டரைக்கு முதல் பிராஞ்சில விரல் வைச்சுப்போட்டுத்தான் ஃபீல்டுக்கு இறங்கலாம், பொலிசி. மூண்டு தரம் லேட் எண்டா அரைநாள் லீவு வெட்டு. விசுவமட்டில ஒரு அக்கா படலையடியில நிண்டு கையைக் காட்டுவா, பாஸ்புத்தகத்துக்குள்ள காசை மடிச்சு வைச்சுக்கொண்டு, "தம்பி இப்பவே வாங்கிக்கொண்டு போவன்" எண்டு. நிண்டா ரசீது எழுதி கொப்பியில பதிஞ்சு நேரம் போயிரும், அதோட பஞ்ச் பண்ணமுதல் காசு வாங்கினா அதுக்கும் விளக்கக் கடிதம். வந்து வாங்கிறன் அக்கா எண்டு போட்டு கிளிநொச்சிக்கு ஓடி விரலை வைச்சு திரும்பி வர பதினொரு மணி, அதுக்குள்ள வேற கொம்பனிக்காரன் வந்து அந்தக் காசை வாங்கிக்கொண்டு போயிருப்பான். அவனுக்கு மெஷின் இல்லை போல. மாசக் கடைசியில அந்த அக்கா என்ர லிஸ்டில சிவப்பு.

இந்த முறை எனக்கு ஐஞ்சுக்கு ரெண்டு. மனேஜர் நல்ல மனுசன், ஒளிக்காமல் சொன்னார், "தம்பி, பிராஞ்சில ஒராளையாவது ரெண்டில போடத்தான் வேணும், இல்லாட்டி ஹெட் ஒஃபிஸ் சிஸ்டம் சப்மிட் பண்ண விடாது." பெல் கேர்வாம், இத்தனை பேர் மேல இத்தனை பேர் கீழ எண்டு ஆக்களைப் பிரிச்சே ஆகவேணுமாம். ஆயிரக்கணக்கில ஆக்கள் இருக்கிற இடத்தில எண்டா ஏதோ ஒரு கணக்கு எண்டு விடலாம், நாங்கள் இருக்கிறது ஐஞ்சு பேர்! மைக்ரோசொஃப்டே 2013 இல உந்த ஆக்களை வரிசையில நிப்பாட்டுற முறையைத் தூக்கி எறிஞ்சிட்டுது, எங்கட ஆக்கள் இப்பதான் அதை நவீன முகாமைத்துவம் எண்டு ட்ரெய்னிங் குடுக்கினம்.

போன வருசம் அந்த ரெண்டு பக்கத்து மேசை அக்காவுக்கு. அவ பிள்ளை பெத்து நிண்டவ, சட்டப்படி 84 வேலைநாள் லீவு, லீவு குடுத்தவை, டார்கெட்டைக் குறைக்கேல்ல. பிள்ளைப்பெத்துக் கிடந்த மாசங்களுக்கு ரிக்கவரி சைபர் எண்டு அச்சடிச்சு வந்துது, அதைப் பாத்து கையெழுத்து வைக்கச் சொன்னவை, வைச்சவ, வேற என்ன செய்யிறது, வீட்டில கைக்குழந்தை. இந்த வருசம் நான். அடுத்த வருசம் ஆரெண்டு எங்களுக்குள்ள இப்பவே கதை போகுது.

ஃபோமின்ர கடைசியில ஊழியர் கருத்து எண்டு ரெண்டு வரி இடம் இருக்கு. அதில மார்கழி மழையையும் மெஷினையும் எழுதினன், இடம் காணாமல் ஓரத்திலயும் எழுதினன். மனேஜர் வாசிச்சுப்போட்டு புது ஃபோம் ஒண்டைத் தந்து, "இதில கொஞ்சம் மெல்லமா எழுதித் தாரும்" எண்டார். நான் இன்னும் சைன் வைக்கேல்ல. வைக்காட்டி இன்கிரிமென்டும் வராதாம், அதுவும் பொலிசிதானாம்.