ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளை எங்கே?

முன்பெல்லாம், பள்ளிகளின் விவரங்களை அரசு ஆண்டுதோறும் திரட்டும் யூடைஸ் படிவத்தில் "ஐந்தாம் வகுப்பு: ஆண் 12, பெண் 9" என்று எழுதினால் வேலை முடிந்தது. ஒன்றிரண்டு கூடக் குறைய இருந்தாலும் கேட்பாரில்லை. 2022-23 முதல், அதன் இணைய வடிவமான யூடைஸ் பிளஸ்ஸில் ஒவ்வொரு மாணவரையும் பெயரோடு பதிய வேண்டும். அந்த 21 பேரில் ஒருவரை அடுத்த பள்ளி எடுத்துக்கொள்ளாவிட்டால் அவர் டிராப்பாக்ஸிலேயே, அதாவது எந்தப் பள்ளியும் எடுத்துக்கொள்ளாதவர்களின் பட்டியலிலேயே, தொங்குவார். தினமும் பள்ளிக்குப் போகிற பிள்ளை, கணக்கில் இடைநின்ற பிள்ளையாகத் தெரியும்.

பிழை பெரும்பாலும் இரண்டு பள்ளிகளுக்கு நடுவில்தான் நடக்கிறது. பழைய பள்ளி பிள்ளையின் பதிவை விடுவிக்காமல் வைத்திருக்கும். புதிய பள்ளியோ பென் எண்ணை (ஒவ்வொரு மாணவருக்கும் யூடைஸ் பிளஸ் தரும் நிரந்தர எண்) கேட்காமல் புதுச் சேர்க்கையாகப் போட்டுவிடும். ஒரே பிள்ளைக்கு இரண்டு பதிவு. இன்ஷியல் தொல்லை வேறு: ஆதாரில் "பிரியா கே", சேர்க்கைப் பதிவேட்டில் "கே. பிரியா". ஆதார் சரிபார்ப்பு அங்கேயே நின்றுவிடும்.

நூறு பேரை உட்கார வைத்து புரொஜெக்டரில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று காட்டும் பயிற்சியில் இது தீராது. அக்கம்பக்கத்துப் பள்ளிகள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் தொடக்கப் பள்ளியையும், அதன் பிள்ளைகள் போய்ச் சேரும் நடுநிலை அல்லது உயர்நிலைப் பள்ளியையும் ஒரே மேசையில் உட்கார வையுங்கள். தொடக்கப் பள்ளி, டிசி வாங்கிப் போனவர்களின் பட்டியலை பென் எண், பிறந்த தேதியோடு கொண்டுவரட்டும். எதிரே இருப்பவர் ஆறாம் வகுப்பு வருகைப் பதிவேட்டைப் பார்த்து ஒவ்வொரு பெயராக டிக் அடிக்கட்டும். திரையைப் பார்த்து அடித்தால் பழைய பிழையேதான் திரும்ப வரும். டிக் விழாத பெயர்களுக்கு அங்கிருந்தே பெற்றோருக்கு போன் போடலாம். எட்டிலிருந்து ஒன்பதுக்கும் இதே முறைதான்.

ஒரு நிபந்தனை: மவுஸ் அந்தந்தப் பள்ளிக்காரர் கையில்தான் இருக்க வேண்டும். "சாருக்கு கம்ப்யூட்டர் நல்லா வரும்" என்று நாலு பள்ளி பாஸ்வேர்டையும் ஒருவரிடம் கொடுத்துவிட்டால் அவர் டேட்டா என்ட்ரி ஆளாகிவிடுவார். மற்றவர்கள் டீ குடிக்கப் போய்விடுவார்கள். அடுத்த ஆண்டு அவர் மாறுதலில் போனால் திரும்பவும் முதலிலிருந்து.

பள்ளி வசதிகள் பகுதிக்கு மேசை போதாது, நடந்து போய்ப் பார்க்க வேண்டும். "பயன்பாட்டில் உள்ள கழிப்பறை" என்றால் கட்டடம் இருந்தால் போதும் என்று ஒருவர் நிரப்புவார்; தண்ணீர் வராததைப் பூஜ்யம் என்று இன்னொருவர் போடுவார். "சிறு பழுது", "பெரும் பழுது" பிரிப்பதிலும் இதே குழப்பம். பக்கத்துப் பள்ளி ஆசிரியர் வந்து குழாயைத் திறந்து பார்த்துவிட்டு அதன்பின் எண்ணைச் சொல்லட்டும்.

இதையெல்லாம் ஜூலையிலேயே முடித்துவிடுவது நல்லது. கணக்குத் தேதி செப்டம்பர் 30. கடைசி வாரத்துக்குத் தள்ளினால் எல்லாப் பள்ளியும் ஒரே நேரத்தில் நுழைந்து சர்வர் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த அவசரத்தில்தான் பிள்ளைகளின் ஆதார் அட்டைகளைப் படமெடுத்து வாட்ஸப் குழுவில் போடுகிறார்கள். பென் எண்ணும் பிறந்த தேதியும் இருந்தாலே பிள்ளையை எடுத்துக்கொள்ள முடியும். அதையும் காகிதத்தில் கைமாற்றிக்கொள்ளலாம்.