32 கிளிக்குகளும் ஒரு பிளாஸ்டிக் டையும்

என் முதல் காயிலோவரை, அதாவது உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங் - ஷாக் தொகுதியை, நான் தேர்ந்தெடுத்த விதத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஷாக் அப்சார்பரின் இறுக்கத்தை மாற்றும் அதன் குமிழில் 32 கிளிக் இருந்தது. நான் பார்த்துவைத்திருந்த இன்னொன்றில் 10 மட்டுமே. அவ்வளவுதான், வாங்கிவிட்டேன். தினமும் வேலைக்குப் போவதும் மாதம் ஒருமுறை பந்தயத் தடத்தில் ஓட்டுவதும் ஒரே கார். சாலைக்குத் தளர்த்தி, தடத்துக்கு இறுக்கிக்கொள்ளலாம் என்றால் படிகள் எத்தனை கூடுதலோ அத்தனை நல்லது என்று நினைத்தேன்.

கார் முன்சக்கர இயக்கம் கொண்ட சிறிய ஹேட்ச்பேக், எடை 1,150 கிலோ. முன்னால் மெக்பெர்சன் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணில். பின்னால் ஸ்பிரிங் ஓரிடத்தில், ஷாக் இன்னோரிடத்தில். புதிய தொகுதியில் முன்னால் மில்லிமீட்டருக்கு 8 கிலோ ஸ்பிரிங் (ஒரு மில்லிமீட்டர் அமுக்க 8 கிலோ சுமை வேண்டும்), பின்னால் 6. பொருத்தியதும் 50 மி.மீ. தாழ்த்தினேன். காரணம் எதுவும் கிடையாது. டயருக்கும் மட்கார்டுக்கும் இடையிலிருந்த இடைவெளி மறைந்தது, கார் அழகாக இருந்தது.

தடத்தில் நீண்ட வலது வளைவு ஒன்று உண்டு. கார் அதற்குள் நன்றாக நுழையும். நடுவில், யாரோ ஸ்டீயரிங்கின் தொடர்பை அறுத்துவிட்டதுபோல முன்பக்கம் வெளியே வழுக்கும். ஐந்து கிளிக் இறுக்கினேன். பத்து கிளிக் தளர்த்தினேன். எதுவும் மாறவில்லை. முதலில் டயரைக் குறை சொன்னேன், பிறகு அலைன்மென்ட்டை, கடைசியில் என்னையே. பக்கத்தில் வண்டி நிறுத்தியிருந்த மூத்தவர் ஒருவர் நான் குமிழோடு மல்லுக்கட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “தம்பி, குமிழை விடுங்கள். ஷாக் எங்கே போய் நிற்கிறது என்று முதலில் பாருங்கள்” என்று சொல்லி, வயர் கட்டும் பிளாஸ்டிக் டை ஒன்றை நீட்டினார்.

தூசி உறையை மேலே தூக்கிவிட்டு, ஷாக்கின் தண்டில் அந்த டையைக் கட்டி, உடல்பகுதியின் வாய்வரை இறக்கிவிட வேண்டும். ஷாக் அமுங்கும்போது அது மேலே தள்ளப்படும். மீளும்போது அங்கேயே நின்றுவிடும். ஐந்து சுற்று முடித்து வந்து சக்கரத்தைக் கழற்றினேன். ஷாக் அடிவரை போய் இடிக்காமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப்பின் மஞ்சள் நுரைக்குள் டை பதிந்து கிடந்தது. நகத்தால் நெம்பித்தான் எடுக்க முடிந்தது. எடுத்த இடத்தில் ஒரு பல்தடம்.

அதன் பிறகுதான் அளவுநாடாவைக் கையில் எடுத்தேன். ஸ்பிரிங் தட்டைக் கீழே இறக்கித் தாழ்த்தும் எளிய வகை அது. தாழ்த்திய ஒவ்வொரு மில்லிமீட்டரும் ஷாக்கின் அமுங்கும் தூரத்திலிருந்து போயிருந்தது. முன்னால் மிச்சம் இருந்தது 15 மி.மீ. கடும் வளைவில் வெளிப்புற முன்சக்கரத்துக்குக் கூடுதலாக 150 கிலோ வருகிறது என்று வைத்துக்கொண்டால், அந்த 8 கிலோ ஸ்பிரிங்கிலேயே சக்கரம் ஏறக்குறைய 21 மி.மீ. மேலேறும். 15-ஐத் தாண்டியதும் சுமையைத் தாங்குவது ஸ்பிரிங் அல்ல, நுரைக்கட்டை. அந்த மூலையின் விறைப்பு நொடியில் பலமடங்காகிறது, டயர் பிடியை விடுகிறது. இதில் குமிழுக்கு என்ன வேலை? போதாக்குறைக்கு, சக்கரத்தைக் காரின் அடிப்பகுதியோடு இணைக்கும் கீழ்க்கை, சக்கரத்தை நோக்கி மேல்நோக்கிச் சாய்ந்திருந்தது. மெக்பெர்சன் அமைப்பில் இப்படி ஆனால், வளைவில் கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த உருள்மையம் காரின் உடலைவிட வேகமாகக் கீழே போய்விடும். தாழ்த்திய கார் குறைவாகச் சாயும் என்று எதிர்பார்த்தவனுக்கு, சாயத் தூண்டும் நெம்புகோலின் நீளம் கூடியதுதான் கிடைத்தது.

அதனால் இரண்டாவது முறை தலைகீழாகத் தொடங்கினேன்: முதலில் அமுங்கும் தூரம், அடுத்து ஸ்பிரிங், அதன் பின் ஷாக். பிராண்ட் கடைசியில்.

ஸ்பிரிங்கின் எண்ணை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. சக்கரம் உணர்வது, ஸ்பிரிங் விறைப்பை அசைவு விகிதத்தின் (சக்கரம் நகரும் தூரத்தில் எவ்வளவு பங்கு ஸ்பிரிங் அமுங்குகிறது என்பதன்) வர்க்கத்தால் பெருக்கி வரும் அளவை. பின்பக்கம் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஜாக்கியால் சக்கரத்தை 50 மி.மீ. தூக்கி, ஸ்பிரிங் உட்காரும் இடங்களுக்கு இடையிலான தூரம் எவ்வளவு குறைகிறது என்று அளந்தேன்: 35 மி.மீ. விகிதம் 0.7, வர்க்கம் 0.49. அதாவது பின்னாலிருக்கும் 6 கிலோ ஸ்பிரிங்கை அங்கே சக்கரம் 3 கிலோவுக்கும் குறைவாகவே உணர்கிறது. முன்னால் ஸ்ட்ரட் என்பதால் விகிதம் ஒன்றுக்கு நெருக்கம், வர்க்கத்தை 0.9 என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்து அதிர்வெண். ஒரு மூலையில் ஸ்பிரிங் சுமக்கும் எடையும் சக்கர விறைப்பும் தெரிந்தால், அந்த மூலை நொடிக்கு எத்தனை முறை ஊசலாட விரும்புகிறது என்பது வந்துவிடும். சாதாரணக் கார்கள் 1 முதல் 1.5 ஹெர்ட்ஸ். காற்றின் அழுத்துவிசை இல்லாத பந்தயக் கார்கள் 2 முதல் 2.5. என் முன் மூலை சுமப்பது 340 கிலோ. 8 கிலோ ஸ்பிரிங்கோடு 2.3 ஹெர்ட்ஸ். சாலை டயரில் ஓடும் காருக்கு இது அதிகம். ஒவ்வொரு பள்ளத்திலும் என் முதுகெலும்பு சொல்லிக்கொண்டிருந்ததற்கு இப்போது ஓர் எண் கிடைத்தது. பின்னால் 1.9. இதுவும் தலைகீழ்தான். மேட்டில் முன்சக்கரம் முதலில் ஏறுகிறது, பின்சக்கரம் தாமதமாக ஏறுகிறது. பின்பக்கம் சற்று வேகமாக ஊசலாடினால்தான் முன்பக்கத்தை எட்டிப்பிடித்து, கார் முன்னும் பின்னும் குதிப்பது அடங்கும். 1930-களில் அமெரிக்கக் கார்களுக்காக மாரிஸ் ஆலி வகுத்துத் தந்த விதி இது. சாலையில் இன்றும் செல்லுபடியாகிறது.

கணக்கு முடிந்தபோது முன்னால் 5 கிலோ, பின்னால் அதே 6 கிலோ என்று வந்தது. முன் 1.8, பின் 1.9 ஹெர்ட்ஸ். எடை குறைந்த பக்கத்துக்குப் பெரிய ஸ்பிரிங்கா என்று கேட்ட இருவருக்கு 0.49-ஐ விளக்கிச் சலித்துவிட்டேன். 5 கிலோ ஸ்பிரிங்கில் அதே 150 கிலோவுக்குச் சக்கரம் 33 மி.மீ. மேலேறும். ஆகவே முன்னால் குறைந்தது 45 மி.மீ. மிச்சம் வேண்டும். ஸ்பிரிங் தட்டைத் தொடாமல் அடித்தாங்கியைத் திருகி நீளத்தை மாற்றும் வகையைத் தேடியது இதற்காகத்தான். அதில் தாழ்த்தினாலும் ஷாக்கின் ஓட்டம் குறையாது. மட்கார்டின் உட்பக்கத்தில் டயர் இடிக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஷாக்கைப் பொறுத்தவரை ‘சரிசெய்யத்தக்கது’ என்ற சொல்லுக்கு ஒரே பொருள் இல்லை. கேடபிள்யூ பிராண்டின் வேரியன்ட் 1-இல் உயரம் மட்டும் மாறும், 2-இல் மீள்விசையும் (ஷாக் நீளும்போது காட்டும் எதிர்ப்பு), 3-இல் அமுங்குவிசையும் (அமுங்கும்போது காட்டும் எதிர்ப்பு) தனித்தனியாக மாறும். பில்ஸ்டைன் பிராண்டின் பி14-இல் குமிழே கிடையாது. பி16-இன் ஒரே குமிழ் இரண்டு விசைகளையும் சேர்த்து மாற்றும். எல்லா விற்பனையாளர்களிடமும் ஒன்றைத்தான் கேட்டேன்: ஷாக்கைச் சோதனை எந்திரத்தில் ஓட்டி எடுத்த விசை - வேக வரைபடம். சிலர் கொடுத்தார்கள். சிலர் கிளிக் எண்ணிக்கையையே திரும்பச் சொன்னார்கள். எனக்குள் ஓர் அரிப்பு இருந்ததால் பழைய 32 கிளிக்கையும் எந்திரத்தில் ஏற்றிப் பார்த்தேன். இறுக்கமான பக்கத்து எட்டுக் கிளிக்கில்தான் கோடுகள் விலகின. மற்றவை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துக்கிடந்தன. ஒரே கிளிக்கில் இடதும் வலதும்கூட ஒத்துப்போகவில்லை. குமிழ் என்னமோ எல்லாக் கிளிக்கிலும் ஒரேமாதிரி ‘டிக்’ என்றுதான் சத்தம் போடும்.

மீள்விசையை மட்டும் மாற்றும் ஒற்றைக்குழல் ஷாக்கை எடுத்தேன். ஸ்பிரிங்கைப் பின் ஷாக்கின் மேலேயே ஏற்றும் தொகுதியும் கிடைத்தது, வேண்டாம் என்றேன். காரின் எடையைச் சுமப்பதற்காக அந்த ஷாக் தாங்கி செய்யப்படவில்லை. முன் ஷாக்கின் தலையில் ரப்பருக்குப் பதில் உலோகக் கோளத்தாங்கி வைத்த மேல்மூடியையும் விட்டுவிட்டு, காரோடு வந்த ரப்பரையே வைத்துக்கொண்டேன். பழைய தொகுதியின் கோளத்தாங்கி எழுப்பிய ‘டக் டக்’ ஓசையை இரண்டு ஆண்டு கேட்டவன் நான்.

பொருத்தியதில் இரண்டு செய்திகள் சொல்ல வேண்டும். ரப்பர் புஷ் உள்ள போல்ட்களைக் கார் ஜாக்கியில் தொங்கும்போது இறுக்காதீர்கள். சக்கரம் தரையில் எடையோடு நிற்கும் நிலையில் இறுக்குங்கள். இல்லையென்றால் புஷ் முறுக்கிக்கொண்டே இருந்து கிழிந்துபோகும். இன்னொன்று, உயரத்தைத் தரையிலிருந்து அளக்காமல் சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை அளப்பது. இப்படிச் செய்தால் டயர் தேய்மானமும் காற்றழுத்தமும் கணக்கைக் குழப்பாது. 25 மி.மீ. மட்டும் தாழ்த்தினேன், கீழ்க்கை கிடைமட்டமாக நின்றது.

பிறகு நான்கு தராசுகள். கார் சாய்வதைக் குறைக்கும் ஆண்டி-ரோல் பாரின் இணைப்பைக் கழற்றிவிட்டு, ஓட்டுநர் இருக்கையில் 75 கிலோ மணல்மூட்டை. குறுக்கு எடை, அதாவது மூலைவிட்டமாக எதிரெதிரே உள்ள இரு சக்கரங்கள் சுமக்கும் பங்கு, 51.8 சதவீதம் காட்டியது. ஒரு மூலையை உயர்த்தினால் எதிர்மூலையும் சேர்ந்து கனக்கும். அரைச் சுற்று, கால் சுற்று என்று திருகி 50.1-க்கு வருவதற்குள் ஒரு மாலைப்பொழுது போய்விட்டது. அலைன்மென்ட் அதற்குப் பிறகுதான். முன்பே செய்திருந்தால் அதை மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.

முழுவதும் இறுக்கிய நிலையிலிருந்து எண்ணினால் சாலைக்கு 12 கிளிக், தடத்துக்கு 7. நான்கு வைத்துப் பார்த்தேன்: அடுத்தடுத்த மேடுகளில் ஷாக் மீள நேரமில்லாமல் கார் படிப்படியாகக் கீழே பதுங்கியது. உடனே 7-க்குத் திரும்பினேன். மீதிக் குமிழைத் தொடுவதில்லை.

டை இன்னும் தண்டில்தான் இருக்கிறது. போன முறை அந்த வலது வளைவில் பம்ப் ஸ்டாப்புக்கு 8 மி.மீ. கீழே நின்றிருந்தது. டயருக்கும் மட்கார்டுக்கும் இடையே இப்போது இரண்டு விரல் நுழைகிறது. “இன்னும் கொஞ்சம் இறக்கலாமே” என்று பார்ப்பவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள்.