சாயத் தண்ணீரும் ஒரு வழக்குக் கட்டும்

சேலத்தில் சிவில் வழக்குகளோடு தொழிலைத் தொடங்கிய என்னைச் சுற்றுச்சூழல் சட்டத்துக்கு இழுத்து வந்தது திருமணிமுத்தாறு. சேர்வராயன் மலையில் பிறந்து, நகருக்குள் புகுந்து, சாக்கடையையும் சாயத்தையும் வாங்கிக்கொண்டு காவிரிக்குப் போகிற ஆறு. உத்தமசோழபுரத்துக்குக் கீழே உள்ள ஒரு கிராமத்தின் விவசாயிகள், தங்கள் கிணறுகள் நிறம் மாறிவிட்டதாகச் சொல்லிக்கொண்டு என்னிடம் வந்தார்கள். அருகில் உள்ள சாயப்பட்டறை ஒன்று இரவில் கழிவைத் திறந்துவிடுகிறது என்பது புகார். "மனுக் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துவிட்டது, அம்மணி" என்றார் வந்தவர்களில் மூத்தவர்.

நான் முதலில் கேட்டது தேதி. எப்போதிலிருந்து என்றால், "ரொம்ப நாளாக" என்பதுதான் எல்லோருடைய பதிலும். சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிப்பது தேசிய பசுமைத் தீர்ப்பாயம். அதற்கான 2010ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்தப் பதில் ஆபத்தானது. 14ஆவது பிரிவின்படி, வழக்குக்கான காரணம் முதன்முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள். இழப்பீடு கேட்கும் 15ஆவது பிரிவுக்கு ஐந்து ஆண்டு அவகாசம் உண்டு. அதனால் ஊராட்சிக்குக் கொடுத்த முதல் மனுவின் நகல், புதிதாக ஆழ்துளைக் கிணறு போட்ட ரசீது என்று தேதி உள்ள காகிதங்களை வீடு வீடாகத் தேடினோம். பட்டறை இயங்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வழங்கிய இசைவாணையின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி வாங்கினோம். எவ்வளவு கழிவுநீரை, எப்படிச் சுத்திகரித்து, எங்கே விடலாம் என்பதெல்லாம் அந்த ஆணையில் இருக்கும். அதைப் படிக்காமல் எழுதும் மனு வெறும் ஆதங்கமாக நின்றுவிடும்.

அடுத்தது தண்ணீர். பாட்டிலில் பிடித்து வந்து தனியார் ஆய்வகத்தில் கொடுக்கத்தான் எல்லோருக்கும் தோன்றும். அந்த அறிக்கை ஓரளவு உதவும். ஆனால் 1974ஆம் ஆண்டின் நீர்ச் சட்டம், 21ஆவது பிரிவில், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலர் எப்படி மாதிரி எடுக்க வேண்டும் என்று வகுத்திருக்கிறது. ஆலைக்காரருக்கு அறிவிப்புக் கொடுத்து, மாதிரியை அவர் முன்னிலையில் இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டு, இருவரும் கையெழுத்திட வேண்டும். அப்படி எடுத்த மாதிரிக்கு வழக்கில் உள்ள மதிப்பே வேறு. எனவே பட்டறை வாய்க்காலிலும் கிணறுகளிலும் மாதிரி எடுக்கச் சொல்லி வாரியத்திடம் எழுத்தில் கேட்டோம்.

இளைஞர் ஒருவர் இரவில் கைபேசியில் எடுத்த வீடியோ இருந்தது. ஊர் முழுக்க வாட்ஸ்அப்பில் சுற்றிய பிரதி எனக்கு வேண்டாம், படம் பிடித்த கைபேசியே வேண்டும் என்று சொன்னேன். வாட்ஸ்அப் வீடியோவைச் சுருக்கிவிடுகிறது. கோப்பின் கைரேகை போன்ற ஹாஷ் மதிப்பு அப்போதே மாறிவிடும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம், 63ஆவது பிரிவில் கேட்கும் சான்றிதழில் அந்த மதிப்பைக் குறிக்க வேண்டும். ஒரு பகுதியில் கைபேசிக்காரரும் மறுபகுதியில் நிபுணரும் கையெழுத்திட வேண்டும். பசுமைத் தீர்ப்பாயத்தைச் சாட்சியச் சட்ட விதிகள் கட்டுப்படுத்தாது என்று அதன் சட்டமே சொல்கிறது. இருந்தாலும் சான்றிதழை இணைத்தேன். எதிர்த்தரப்பு "இது ஜோடிக்கப்பட்டது" என்று தொடங்கினால், வாதம் தண்ணீரை விட்டு வீடியோவுக்குப் போய்விடும்.

இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1000 ரூபாய். கேட்டால், கேட்கும் தொகையில் ஒரு சதவீதம். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணமே இல்லை. இது கிராமங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். தமிழ் ஆவணங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு இணைத்து இணையவழியே தாக்கல் செய்தோம். தென்மண்டல அமர்வு சென்னை சேப்பாக்கம் கலச மஹாலில் இருக்கிறது. காணொலியில் ஆஜராகும் வசதி இருப்பதால் சில நாட்கள் சேலத்திலிருந்தே வாதிட்டேன்.

தீர்ப்பாயம் கூட்டுக் குழு ஒன்றை அமைத்து நேரில் பார்க்கச் சொன்னது. என் அனுபவத்தில் வழக்கின் திசை முடிவாவது அந்த நாளில்தான். அலுவலர்கள் வாய்க்காலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடக் கூடாது என்பதற்காக, கிணறுகளைச் சர்வே எண்ணோடு குறித்த வரைபடத்தை முன்கூட்டியே கொடுத்தோம். ஒவ்வொரு கிணற்றடியிலும் அதன் உடைமையாளர் நின்றார். குழுவின் அறிக்கை கழிவுநீர் வந்ததை உறுதி செய்தது. பட்டறையின் வாய்க்கால் அடைக்கப்பட்டது.

இழப்பீடு இன்னும் நிலுவையில் இருக்கிறது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை நாட்டின் சட்டத்தின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1996இல், பாலாற்றுத் தோல் ஆலைகள் தொடர்பான வேலூர் வழக்கில் உறுதிசெய்தது. அதை எங்கள் வாதத்தில் முன்வைத்திருக்கிறோம். யாருக்கு எவ்வளவு பயிர் போனது என்பதைக் காட்ட, கிராம நிர்வாக அலுவலரிடமிருந்து எந்த நிலத்தில் என்ன பயிர் என்று பதியும் அடங்கல் பதிவேட்டின் ஆண்டுவாரியான நகல்களைச் சேர்த்துவருகிறோம். மரவள்ளி போட்டவர்கள் கிழங்கு விற்ற எடைச் சீட்டுகளையும் தேடி எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள்.