அஃபர்வாட்டில் ஒட்டாமல் இறங்கினேன்: வேலை பிரஷ்ஷில் இருக்கிறது

காஷ்மீரின் அஃபர்வாட் மலையின் மேல் நிலையத்திலிருந்து குல்மார்க் வரை, பனிச்சறுக்குப் பலகை ஓரிடத்திலும் பனியில் ஒட்டிப் பிடிக்காமல் இம்முறை சறுக்கி இறங்கிவிட்டேன். இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கொண்டோலா என்னும் கம்பிவட வண்டி சுமார் 3,950 மீட்டர் உயரத்தில் இறக்கிவிடுகிறது. குல்மார்க் 2,650 மீட்டர். இடையில் எத்தனை விதமான பனி! முகட்டில் காற்று அடித்து இறுக்கிய பனி. பனிச்சரிவு ஆபத்தைப் பார்க்கும் ரோந்துக் குழு திறந்துவிடும் பெரிய பள்ளச் சரிவில் உலர்ந்த பொடிப்பனி. கொண்டோலாவின் நடு நிலையமான கொங்டூரிக்குக் கீழே, வெயில் ஏறிய பிற்பகலில், தண்ணீர் ஊறிய கனத்த பனி. இத்தனையும் ஒரே மலையில் கிடைப்பதால்தான் எனக்கு வேறு மலை தேவைப்படவில்லை.

ஆனால் மேலே பறந்த பலகை கீழே வந்ததும் காலைப் பிடித்து இழுக்கும். கடுங்குளிர்ப் பனியின் படிகங்கள் கூரானவை. அவற்றில் வழுக்கிச் செல்லப் பலகையின் அடியில் கடின மெழுகு பூச வேண்டும். ஈரப்பனிக்கு மென்மையான மெழுகு. அதனால் முதலில் மென்மையானதை ஊறவிட்டுச் சுரண்டிய பின், இரண்டு மெழுகுக் கட்டிகளையும் சேர்த்து இஸ்திரிப்பெட்டியில் உருக்கி மேலே பூசினேன். புகை வந்தால் சூடு அதிகம், உடனே குறைக்க வேண்டும்.

இதுவரை எல்லோரும் செய்வதுதான். பலன் தந்தது அடுத்த வேலை. ஈரப்பனியில் பலகையைப் பிடிப்பது பெரும்பாலும் அடியில் படியும் தண்ணீர்ப் படலத்தின் உறிஞ்சல். அதை உடைப்பவை பலகையின் அடிப்பரப்பில் நீளவாக்கில் கீறியிருக்கும் நுண்கோடுகள். மெழுகு அந்தக் கோடுகளை அடைத்திருந்தால் எத்தனை விலை கொடுத்து வாங்கிய கட்டியும் உதவாது. பித்தளை பிரஷ்ஷை மூக்கிலிருந்து வால் நோக்கி, ஒரே திசையில், மெழுகுத் தூள் வருவது நிற்கும்வரை இழுத்தேன். பலகையை விளக்குக்குச் சாய்த்துப் பார்த்தபோது கோடுகள் மயிரிழைகளாகத் தெளிந்து தெரிந்தன. அப்போதே நம்பிக்கை வந்துவிட்டது.

என்னைப் போல கொழும்பு வெள்ளவத்தையில் இதைச் செய்பவருக்கு ஒரு சொல்: நம் வெக்கையில் மெழுகு இறுக நேரம் எடுக்கும். இரவு முழுவதும் ஆறவிட்டு, குளிரூட்டிய அறையில் சுரண்டுங்கள்.

புறக்கோட்டையில் கிடைக்கும் பித்தளை பிரஷ்ஷை வாங்க வேண்டாம். அது துருச் சுரண்டுவதற்கானது, அடிப்பரப்பைக் கீறிவிடும். என்னுடையது சூரிச்சில் இருக்கும் மச்சாள் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தபோது கொண்டுவந்தது. மெழுகும் அவர் கைங்கரியம்தான், புளோரின் இல்லாத வகை. புளோரின் கலந்தது நன்றாக வழுக்கும், ஆனால் அந்த வேதிப்பொருள் சூழலில் எளிதில் அழியாது. 2023-24 பருவத்திலிருந்து சர்வதேசப் போட்டிகளிலேயே புளோரின் மெழுகுக்குத் தடை. எனக்கும் அது வேண்டாம். அந்தப் பனி உருகி ஓடும் தண்ணீரைத்தானே கீழே உள்ளவர்கள் குடிக்கிறார்கள்.

இப்போது, பலகையைக் கோடையில் பத்திரமாக வைக்கும் கோடைக்காலப் பூச்சு நடக்கிறது. கடற்காற்று எஃகு விளிம்பைச் சில வாரங்களிலேயே துருப்பிடிக்க வைத்துவிடும். ஆகவே விளிம்பும் மறையும்படி தடித்த மெழுகு பூசி, சுரண்டாமல் அப்படியே விட வேண்டும். வலது பலகை முடிந்தது. இடதுக்கு மெழுகு போதவில்லை, அடுத்த பொதி வரும்வரை விளிம்பில் எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன்.

அடுத்த குளிர்காலத்தில் காட்டு வழியாக, குல்மார்க்குக் கீழே உள்ள பாபா ரேஷி வரை இறங்க வேண்டும். மர நிழலில் பொடியும் வெட்டவெளியில் ஈரமும் மாறி மாறி வரும் வழி அது. அதற்கு நைலோன் பிரஷ் ஒன்றும் தேவை. மச்சாளிடம் இன்றே சொல்லிவிட்டேன்.