சிறகு கட்டிக்கொண்ட மனிதர்கள்

எங்கள் பெங்களூரு அல்சூர் ஏரியின் மேல் வட்டமிடும் கரும்பருந்தைச் சற்று நேரம் கவனித்தால், அது சிறகடிப்பதைவிடச் சிறகை விரித்து மிதப்பதே அதிகம் என்பதும், திரும்பும்போது பிளவுபட்ட வாலை ஒருபக்கமாகத் திருகிக்கொள்வதும் தெரியும். பறக்க ஆசைப்பட்ட மனிதர்களின் கண்ணில் முதலில் பட்டதோ சிறகடிப்புதான்.

லியோனார்டோ டா வின்சி வரைந்த பொறிகளுள் ஒன்றில், மனிதன் பலகையில் குப்புறப் படுத்துக் கால்களால் மிதித்து, கயிறுகள், கப்பிகள் வழியாக இறக்கைகளை அசைக்க வேண்டும். இறகுகளுக்கிடையே காற்று நழுவிவிடும் என்பதால், இடைவெளியற்ற சவ்வுடைய வௌவாலையே அவர் சிறந்த மாதிரியாகக் கருதினார். வரைபடங்களின் நுணுக்கம் வியக்க வைக்கிறது, கணக்குதான் உதைக்கிறது. பறவைக்கு உள்ள அளவு மார்புத் தசை வலிமை மனிதனுக்கு இல்லை என்பதை இத்தாலிய அறிஞர் பொரெல்லி விளக்கினார்; அவரது நூல் அவர் இறந்தபின் 1680இல் வெளிவரத் தொடங்கியது.

பருந்துகளும் கழுகுகளும் வட்டமிடுவதைப் பார்த்துச் சிந்தித்த அமெரிக்கர் பால் மெக்கிரெடி, இறக்கையை மிக நீளமாகவும் எடையை மிகக் குறைவாகவும் வைத்தால் மனித வலிமையே போதும் என்று கண்டுகொண்டார். மனித வலிமையால் பறந்து 1977இல் பரிசு வென்ற அவரது காசமர் காண்டர் விமானத்துக்குச் சுமார் 29 மீட்டர் இறக்கை. எடை ஏறத்தாழ 32 கிலோதான். ஆனால் அதை உந்தியது, மிதிக்கச் சுழலும் விசிறி (என் பார்வையில் இது சற்றே ஏமாற்று வேலை). உண்மையாகவே இறக்கை அடித்துப் பறந்தது, டொராண்டோ பல்கலைக்கழக மாணவர்களின் ஸ்னோபேர்டு: 2010 ஆகஸ்டில், கார் இழுத்து மேலேற்றிய பிறகு, 19.3 விநாடிகள்.